ஃபார்ன் தீவுகளில் சீல்களோடு நீச்சல்: 75 பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சீஹவுசஸ் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர் இருக்கிறது. அங்கிருந்து படகில் கிளம்பி ஃபார்ன் தீவுகளுக்குப் போய், சாம்பல் சீல்கள் (கடல்நாய்கள்) வாழும் நீரில் இறங்கி, முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு அவற்றோடு மிதந்துவிட்டு வரலாம். அரை நாள் பயணம். எங்களுக்கு ஆளுக்கு 75 பவுண்டு ஆனது, உடை வாடகையும் சேர்த்து. ஆகஸ்ட் கடைசியில் நானும் தம்பியும் போனோம். போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நன்றாக நீந்தத் தெரியும், குளிருக்கு மனதைத் தயார் செய்துகொள்ள முடியும் என்றால் கட்டாயம் போங்கள். ஆனால் உடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்த இரண்டையும்தான் விவரமாக எழுதப் போகிறேன்.

நான் நியூகாஸிலில் ஒரு மருத்துவமனையின் ஐசியு வார்டில் செவிலியர். இதயத் துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், உடல் வெப்பம் என்று மானிட்டரில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. இந்தப் பயணம் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். எந்த எண்ணைப் பார்த்தால் எங்கள் வார்டில் நாலு பேர் ஓடி வருவார்களோ, அந்த எண்ணோடுதான் சீல் கடலடியில் சாவகாசமாக இரை தேடிக்கொண்டிருக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் அதே நீரில் நாம் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அது நடுங்காமல் நம் முகத்துக்கு நேரே வந்து நிற்பதைப் பார்த்தால்தான் அந்த உடம்பு எப்பேர்ப்பட்டது என்பது உறைக்கிறது.

நியூகாஸிலில் இருந்து ஏ1 சாலையில் வடக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓட்ட வேண்டும். ஆகஸ்டில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். சீக்கிரமே போய்விடுவது நல்லது. துறைமுகத்துக்கு இறங்கும் வழியெல்லாம் மீன் வறுவல் கடைகள். புகையில் வாட்டிய ஹெர்ரிங் மீனான கிப்பர் முதலில் எங்கள் ஊரில்தான் செய்யப்பட்டது என்று சீஹவுசஸ்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். துறையில் பயணச்சீட்டு விற்கும் சாவடிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சுற்றிப் பார்க்கும் படகுகளுக்கானவை. நீரில் இறங்கும் பயணத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நாங்கள் போன நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறை சொல்லவும் போகிறேன், அது ஒரு நாள் அனுபவம்தான் என்பதால்.

முதல் குறையே உடை மாற்றும் அறையில் ஆரம்பித்தது. 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட், தலைக்கு ஒரு உறை, கையுறை, காலுக்குப் பூட்ஸ், நீந்துவதற்காகக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின் எல்லாம் தந்தார்கள். தம்பிக்குக் கொடுத்தது சரியாக இருந்தது. எனக்குக் கொடுத்ததில் கழுத்துப் பக்கம் இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி. மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். இருப்பதில் அதுதான் சிறியது, தண்ணீரில் இறங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை.

வெட்சூட் தண்ணீரை முழுக்கத் தடுக்கும் உடை கிடையாது. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். தோலுக்கும் உடைக்கும் நடுவே தங்கும் அந்த மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். உடை தைத்திருக்கும் நியோப்ரீன் என்ற ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுக் குமிழ்கள் அந்தச் சூட்டை வெளியே விடாமல் காக்கும். உடை உடம்போடு ஒட்டி இருந்தால்தான் இது நடக்கும். கழுத்தில் இடைவெளி இருந்தால், தலையைத் திருப்பும்போதெல்லாம் சூடான நீர் வெளியே போய்ப் புதிய குளிர்நீர் முதுகுத்தண்டு வழியே இறங்கும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சக்கூடியது. சின்ன உடம்புள்ள பெண்களுக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் ஏற்ற அளவுகளை வைத்திருக்காமல் இந்தச் சேவையை நடத்தக் கூடாது. இதை அவர்களிடமே சொன்னேன். பதிவு செய்யும்போதே உயரம், எடை, மார்பளவு சொல்லி, அந்த அளவு உடை இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த உடை இருந்தால் அதையே கொண்டுபோங்கள்.

மற்றபடி படகுக்காரர்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிறையவே பாராட்ட வேண்டும்.

ஃபார்ன் தீவுகள் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருப்பவை. கடல் ஏறியிருக்கும்போது 15 தீவுகள், வற்றியிருக்கும்போது 28 வரை தலைகாட்டும் என்பார்கள். பாறைக்குழம்பு பூமிக்கடியில் உறைந்து உருவான கன்னங்கரேலென்ற பாறை. வெளித்தீவுகளில் ஒன்றான லாங்ஸ்டோனில் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம். 1838ல் ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி உடைந்தபோது, அந்த விளக்கில் இருந்துதான் கிரேஸ் டார்லிங் என்ற 22 வயதுப் பெண் தன் அப்பாவோடு துடுப்புப் படகில் போய் ஆட்களைக் காப்பாற்றினாள். செப்டம்பர் மாதத்து விடிகாலை, புயல், மேலே ஒரு சால்வை. அந்தக் கடலில் இறங்கிப் பார்த்த பிறகு அவள் மேல் எனக்கு மரியாதை பலமடங்கு கூடிவிட்டது.

பாறைகளில் சீல்கள் கிடந்தன. முதலில் பாறையின் பகுதி என்றே தோன்றியது; ஒன்று தலையைத் தூக்கியதும்தான் வரிசை வரிசையாகத் தெரிந்தன. பலவும் தலையையும் பின் துடுப்பையும் மேலே தூக்கி, வயிறு மட்டும் பாறையில் படும்படி வளைந்து கிடந்தன. தம்பி, "ஏன்க்கா இப்படிக் கஷ்டப்பட்டுப் படுத்திருக்கு?" என்று கேட்டான். தலையிலும் துடுப்புகளிலும் கொழுப்பு அதிகம் இல்லை. அவற்றை ஈரம் படாமல் காய வைத்தால் சூடு மிச்சமாகும். மிச்ச உடம்புக்கு அந்தக் கவலை இல்லை.

மாலுமி பாறையில் இருந்து நல்ல தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாமே என்று படகில் ஒருவர் கேட்டதற்கு, "நாம் கிட்டப் போனால் அவை பாறையை விட்டுக் கடலில் குதிக்கும். அங்கே கிடப்பது ஓய்வுக்காக, அதைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை" என்று தெளிவாகச் சொன்னார். வழிகாட்டி விதிகளைச் சொன்னார்: துரத்திப் போகக் கூடாது, தொடக் கூடாது, கைகளை மார்போடு வைத்து அசையாமல் மிதந்தால் அவையே வரும். ஃபின்னைக் கடித்தால் காலை உதறக் கூடாது. கையுறையைக் கழற்றவே கூடாது. சீல் கடித்தால் 'சீல் விரல்' என்ற தொற்று வரலாம். அதன் வாயில் இருக்கும் மைக்கோபிளாஸ்மா வகைக் கிருமியால் விரல் வீங்கி மூட்டு வரை கெடும். வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்து அதற்கு வேலை செய்யாது, டெட்ராசைக்ளின் வகைதான் வேண்டும். அப்படி ஏதாவது நடந்து மருத்துவரிடம் போனால், கடித்தது சீல் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் இறங்கினோம். அன்றைக்குத் தண்ணீர் 14 டிகிரி என்றார்கள். வருடத்தில் அதுதான் அந்தக் கடல் எட்டும் உச்ச வெப்பம். மார்ச்சில் 6க்குப் பக்கத்தில் போய்விடும். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மன்னார் வளைகுடாவில் 28, 29 டிகிரி நீரில் விளையாடி வளர்ந்தவள். அங்கேயும் கடலில் வாழும் பாலூட்டி உண்டு, ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடல்பசு. ஆனால் கடல்நீர் 18 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில் அது நிலையாக வாழாது. புல்லைத் தின்று மெதுவாக எரியும் உடம்பு அதனுடையது. சீல் அப்படி இல்லை. நம்மைப் போலவே ஏறத்தாழ 37 டிகிரியில் உள்ளுடம்பை வைத்துக்கொண்டு, ஐஸ் மிதக்கும் கடல் வரைக்கும் போகிறது.

முகம் நீரில் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுத்தது. இதைக் குளிர் அதிர்ச்சி என்போம். துடிப்பு எகிறும், மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். வழிகாட்டி எங்களை அதுவரை படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். சரியான நடைமுறை. யாரையும் அவசரப்படுத்தவில்லை. அடங்கிய பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டுத்தான் அனுப்பினார்.

கீழே கெல்ப் என்கிற நீளமான பழுப்புக் கடற்பாசி காடாக வளர்ந்து அலையோடு ஆடிக்கொண்டிருந்தது. ஏதோ நிழல் அதற்குள் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் வலது ஃபின்னை யாரோ பிடித்து இழுத்தார்கள். தம்பி விளையாடுகிறான் என்று திரும்பினால், அவன் தூரத்தில் இருக்கிறான். ஃபின்னின் நுனி ஒரு சீலின் வாயில் இருந்தது. இளம் பெண் சீல் என்று பிறகு வழிகாட்டி சொன்னார். விட்டுவிட்டது, என் அடியில் மல்லாந்தபடி கடந்தது, முகமூடிக்கு முன்னால் வந்து நின்றது.

நீண்ட மூக்கு, கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு நாசித் துளைகள். அவை கோடு போல மூடியிருந்தன. நாம் மூக்கை மூட விரலால் பிடிக்க வேண்டும். சீலுக்குத் தசை தளர்ந்த நிலையிலேயே மூக்கு மூடித்தான் இருக்கும், திறப்பதற்குத்தான் முயற்சி வேண்டும். மயங்கியிருந்தாலும் தூங்கினாலும் தண்ணீர் உள்ளே போகாது. காது மடல் கிடையாது. கண்ணுக்குப் பின்னால் சின்ன ஒரு துளை. கண் பெரியது, கறுப்பு, கெல்ப் காட்டின் மங்கல் ஒளியில் முழுக்க விரிந்திருந்தது. மீசை முடிகள் முன்னால் குவிந்து என் கையுறையை ஒரு முறை மெல்லத் தடவிவிட்டுப் போயின.

அந்தத் தடவலை என்னால் உணர முடியவில்லை, கண்ணால் பார்த்ததுதான். அதற்குள் என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. குளிரில் நம் உடம்பு விரல்களைத்தான் முதலில் கைவிடும். ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளும். சீலும் தோலுக்கான ரத்தத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. அதன் தோல் கிட்டத்தட்டக் கடலின் குளிருக்கே போய்விடும். ஆனால் மீசைக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் வேர்ப்பகுதிக்குச் சூடான ரத்தம் போய்க்கொண்டே இருப்பதால், பனி போன்ற நீரிலும் மீசையின் உணர்வு மழுங்குவதில்லை. இருட்டுக் கடலில் சாப்பாடு தேடித்தருவது மீசைதான் என்பதால் இந்தச் சலுகை. மீன் நீந்திப் போன பிறகும் நீரில் கொஞ்ச நேரம் சுழல் மிச்சமிருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் சீல் மீசையால் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும் என்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2001ல் காட்டினார்கள். இந்த மீசை முடி நேராக வழுவழுப்பாக இருக்காது, நெடுக அலை அலையாக இருக்கும். அந்த வடிவத்தால், வேகமாக நீந்தும்போது முடி தானாக அதிர்வது குறையும். மீன் கிளப்பிய அதிர்வு தனியாகத் தெரியும்.

துடுப்புகளின் கதை வேறு. அங்கே கொழுப்பு குறைவு, ரத்தம் போய்த்தான் ஆக வேண்டும். உள்ளிருந்து சூடான ரத்தம் கொண்டுவரும் தமனியைச் சுற்றி, குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள் நெருக்கமாக ஓடுகின்றன. தமனி ரத்தம் தன் சூட்டைச் சிரை ரத்தத்துக்குக் கைமாற்றிவிடுகிறது. துடுப்பு நுனி குளிர்ந்திருந்தாலும் நெஞ்சுக்குள் போவது சூடேறிய ரத்தம்தான். மூக்குக்குள்ளும் இதே கணக்கு. சுருள் சுருளான மெல்லிய எலும்புகள் வெளிமூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைத்து அடுத்த உள்மூச்சுக்குக் கொடுக்கின்றன. ஆர்க்டிக்கில் வாழும் தாடிச் சீலுக்கு இந்தச் சுருள்கள் மத்தியதரைக் கடலின் மாங்க் சீலைவிட மிக நெருக்கமாகப் பின்னியிருக்கும். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு, குழாய் மூக்கைத் தாண்டி நேராக உள்ளே போவதால், ஈரமும் சூடும் தக்கவைக்க ஒரு சின்ன வடிகட்டியைப் பொருத்துவோம். தினமும் அதை மாற்றுகிறேன். சீலின் முகத்தில் அது பிறவியிலேயே இருக்கிறது.

உடம்புக்கு வருவோம். சாம்பல் சீலின் தோலுக்குக் கீழே பல சென்டிமீட்டர் கொழுப்பு. நல்ல நிலையில் இருக்கும் சீலின் எடையில் கால் பங்குக்கும் மேல் கொழுப்புதான். என் வெட்சூட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நியோப்ரீன் சூடு காப்பது காற்றுக் குமிழ்களால். ஆழம் போகப் போக அழுத்தம் குமிழ்களை நசுக்கும். 10 மீட்டரிலேயே அவை பாதியாகிவிடும், குளிர் ஏறும். கொழுப்பு அப்படி நசுங்காது. 100 மீட்டர் ஆழத்திலும் அதே தடிமன், அதே காப்பு. பட்டினி நாளில் அதுவே உணவும் ஆகிறது. அதற்கு ரத்தக் குழாய்களும் உண்டு. கரையில் வெயிலில் கிடந்து உடம்பு சூடேறினால், சீல் கொழுப்பைத் தாண்டித் தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டுச் சூட்டை வெளியேற்றும்.

சரி, மூச்சுக்கு வருகிறேன். என்னை ஆட்டிப் படைத்தது அதுதான்.

அந்த இளம் சீல் கெல்ப்புக்குள் போனது. நானும் முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. இன்னும் வரவில்லை. வார்டில் மூச்சு நின்ற நோயாளியைப் பார்க்கும்போது எழும் பதற்றம் எனக்குள் எழுந்தது. இத்தனைக்கும் அது சீல் என்று தெரியும். சாம்பல் சீல்கள் வழக்கமாகச் சில நிமிடங்கள் மூழ்கி, கடலடியில் மணல் விலாங்கு போன்ற மீன்களைத் தேடும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 110, 120 என்று துடிக்கும் இதயம், நீண்ட மூழ்கலில் 10க்கும் கீழே இறங்கும். உடலியல் ஆய்வாளர் பெர் ஷோலாண்டர் 1940லேயே இந்தத் துடிப்புக் குறைவைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டிருக்கிறார். நமக்கும் இதன் சாயல் உண்டு. முகம் குளிர்நீரில் பட்டு மூச்சை அடக்கினால் நம் துடிப்பும் கொஞ்சம் இறங்கும். கைக்குழந்தைக்கு இதயம் ஒருவகையில் தறிகெட்டு வேகமாகத் துடித்தால், ஐஸ் பையை முகத்தில் சில நொடிகள் வைத்து அதை அடக்கும் முறை மருத்துவத்தில் இருக்கிறது. அதுவும் இதே அனிச்சைச் செயல்தான். நமக்குத் துளியாக இருப்பது சீலுக்கு வாழ்க்கை முறையாகவே இருக்கிறது.

இன்னொன்று, சீல் மூழ்கும் முன் மூச்சை இழுத்துக்கொள்வதில்லை. வெளியே விட்டுவிட்டுப் போகிறது. ஆழத்தில் நுரையீரல் சுருங்கிக்கொள்ளும். அதனால் நைட்ரஜன் ரத்தத்தில் அதிகம் கரையாது, மிதப்பும் குறையும். அப்படியானால் ஆக்சிஜன் எங்கே? ரத்தத்திலும் தசையிலும். நமக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 70 மில்லி ரத்தம் என்று கணக்கு வைப்போம். சீலுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மண்ணீரலில் சிவப்பணுக்களைச் சேமித்துவைத்து மூழ்கும்போது எடுத்துக்கொள்ளும். தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் எக்கச்சக்கம், அதனால் சீலின் தசை கறுப்புக்குப் பக்கமான சிவப்பு. எங்கள் வார்டில் மயோகுளோபின் என்ற பேச்சு, விபத்தில் தசை நசுங்கி வருகிறவர்களின் சிறுநீரகத்தைப் பற்றிய கவலையோடுதான் வரும். இவ்வளவு மயோகுளோபின் ஒரு தசைக்குள் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட வேண்டும். மூழ்கும் பாலூட்டிகளில் அந்தப் புரதத்தின் மேற்பரப்பில் நேர்மின்சுமை கூடுதல், அதனால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. 2013ல் வெளிவந்த ஆய்வு இது. படித்ததில் இருந்து என் மனதை விட்டுப் போகவில்லை.

நான் ஒரு முறை மூச்சை அடக்கிக் கீழே போய்ப் பார்த்தேன். உடனேயே நெஞ்சு அடைத்தது. அந்தத் தவிப்பு ஆக்சிஜன் குறைந்ததால் வருவது கிடையாது; கரியமில வாயு ஏறியதால் வருவது. நம் மூளை பெரும்பாலும் அதைத்தான் கவனிக்கிறது. அதனால்தான் மூழ்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறவர்கள், தவிப்பே தெரியாமல் தண்ணீருக்குள் நினைவிழக்கிறார்கள். அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சாம்பல் சீல்களுக்கே வெவ்வேறு காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, அவை மூழ்கும் நேரத்தை அளந்தார்கள். 2025ல் முடிவு வந்தது. ஆக்சிஜன் கூடினால் அதிக நேரம் மூழ்கின, குறைந்தால் சீக்கிரம் திரும்பின. கரியமில வாயுவைப் பலமடங்கு கூட்டியபோதும் நேரம் மாறவில்லை. தன் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்பதைச் சீல் உள்ளிருந்தே அறிந்துகொள்கிறது என்பதுதான் அவர்கள் சொல்வது. நோயாளியின் விரலில் நாங்கள் கிளிப் மாட்டித் தெரிந்துகொள்ளும் விஷயம் அது.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சீல் வேறொரு பக்கத்தில் எழுந்தது. மூக்குத் துளைகள் அகலத் திறந்தன, ஃபூ என்று பெரிய மூச்சு, மீன் வாடை. அது என்னைப் பார்க்கவே இல்லை.

எனக்கு 40 நிமிடத்தில் நடுக்கம் நிற்கவில்லை. தம்பி ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தான். அளவான உடையின் மகிமை. நான் சைகை காட்டியதும் உடனே வந்து ஏற்றிக்கொண்டார்கள், கம்பளி தந்தார்கள், சூடாகத் தேநீர் கொடுத்தார்கள். படகில் உட்கார்ந்து பார்த்தபோது, தூரத்தில் ஒரு பெரிய ஆண் சீல் நீரில் செங்குத்தாக, மூக்கு மட்டும் வெளியே தெரிய, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. நான் நடுங்கிக்கொண்டு ஏறி வந்த அதே தண்ணீரில்.

இரண்டாவது குறை: இவ்வளவும் நடக்கும் இடத்தில், சீலின் உடம்பைப் பற்றி வழிகாட்டி சொன்னது மிகக் குறைவு. பாதுகாப்பு விதிகளை அருமையாகச் சொன்னார். கிரேஸ் டார்லிங் கதையையும் சொன்னார். கொழுப்பு இருக்கிறது, அதனால் குளிராது என்பதோடு சீல் முடிந்துவிட்டது. நான் மேலே எழுதியதெல்லாம் போவதற்கு முன்னும் பின்னும் தேடிப் படித்தவை. போகும் வழியில் பத்து நிமிடம் பேசினால் போதும், நீரில் இறங்குகிறவர்களின் கண் மாறிவிடும். எங்களோடு வந்த ஒரு பையன், ஏன் நமக்கு மட்டும் கை மரத்துப் போகிறது என்று அவன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் கேள்விக்குப் படகிலேயே பதில் கிடைத்திருக்க வேண்டும். நான் சொன்னேன், அவன் வாய் பிளந்து கேட்டான்.

நீந்த முடியாத பெரியவர்கள், சின்னக் குழந்தைகள் இருந்தால் சாதாரணச் சுற்றிப் பார்க்கும் படகே போதும். விலையும் வெகுவாகக் குறைவு. பாறைகளில் கிடக்கும் சீல்கள் நன்றாகத் தெரியும். பஃபின் பறவைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் மே, ஜூன் மாதங்களில் போங்கள். ஆகஸ்டுக்குள் அவை கடலுக்குப் போய்விடும்.

சீல்களோடு நீந்த ஆகஸ்டும் செப்டம்பரும்தான் தோது. அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை குட்டி ஈனும் காலம், அப்போது நீரில் இறங்கும் எண்ணமே வேண்டாம். ஃபார்ன் தீவுகளில் வருடத்துக்கு 2,000க்கும் மேல் குட்டிகள் பிறக்கின்றன. பிறக்கும்போது 14 கிலோ அளவில், வெள்ளை ரோமத்தோடு, கிட்டத்தட்டக் கொழுப்பே இல்லாமல் வரும். அந்த ரோமம் காய்ந்திருக்கும் வரைதான் சூடு காக்கும். மனிதர்களைக் கண்டு மிரண்டு தாயும் குட்டியும் கலைந்தால், குட்டி நனைந்து விறைக்கக்கூடும், தாயையே தொலைக்கவும்கூடும். பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்கும் பாலைக் குடித்து நாளுக்கு ஏறத்தாழ 2 கிலோ ஏறும். மூன்று வாரத்துக்குள் தாய் பாலை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அந்த நாட்களில் தாய் பெரும்பாலும் ஒன்றும் சாப்பிடுவதில்லை, தன் கொழுப்பைத்தான் குட்டிக்குப் பாலாக மாற்றித் தருகிறது. குட்டிகளைப் பார்க்க ஆசை என்றால் லிங்கன்ஷயரில் டோனா நுக் கடற்கரைக்கு நவம்பர் மாதம் போங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பார்க்கலாம்.

நாங்கள் அடுத்த வருடமும் செப்டம்பரில் போவதாக இருக்கிறோம். இந்த முறை எனக்கு அளவெடுத்த உடையோடு.